அறைத்தோழருக்குச் சில கேள்விகள்

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படியில் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனில் என் முறை வருவதற்குள் "சரி சரி, வைக்கிறேன்" என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால் நம் பழைய ஒப்பந்தப்படி போன் அம்மாவுக்கு, கடிதம் எனக்கு.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இல்லாத வேலை, ஆனால் முதலாளி வேலை! நூலக மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். டீச்சருக்குக் குடை டீச்சர் என்று பெயர். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். பலகையைச் சுட்டிக்காட்டவும் அதுதான், தூங்குபவரைத் தட்டி எழுப்பவும் அதுதான்.

முதலாளியாக நடிக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் முன்னால் ஒருவர் உட்கார்ந்தால் பெரியவர்கள் சிரித்துவிடுகிறார்களாம். நான் மூலையில் படித்துக்கொண்டிருந்தேன். "ஏய் ரெட்டைச் சடை, வந்து இந்த நாற்காலியில உட்காரு" என்றார் டீச்சர். முதலாளிக்கு இரண்டு விதிகள். தலையாட்டக் கூடாது. பதில் வராவிட்டால் அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்க வேண்டும்.

முதலில் வந்தவர் இஸ்திரிக்காரர். ஒரு பெரிய விடுதியில் சலவைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்குத் தயாராகிறார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்து நின்று, இறந்துபோன அப்பா, அண்ணன், அண்ணனின் மூன்று பெண்கள், அவர்களைக் கட்டிக்கொடுத்த இடங்கள் என்று வரிசையாகச் சொன்னார். டீச்சர் குடையால் தரையைத் தட்டி, "எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க எங்கே?" என்றார்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "நான் இவங்களுக்கெல்லாம் பின்னாடி நிக்கிறேன் டீச்சர்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி என்பதால் நான் சிரிக்கவில்லை.

ஒரு சந்தேகம். உங்கள் உறையின் மூலையில் எப்போதும் கம்பெனியின் சின்னமான சிவப்புச் சக்கரம் இருக்கும். அதை வெட்டித்தான் நான் புத்தகத்தில் அடையாளம் வைப்பேன். போன தடவை வெறும் வெள்ளை உறை வந்ததே, ஏன்?

டிசம்பரில் என் பரீட்சை முடிந்ததும் நாங்கள் உங்களோடு வந்துவிடப் போவதை அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருந்துக் கடை வேலையை விடப்போகிறாளாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 29

என் புத்தக எலிக்கு,

நான் நலம். முட்டி தன் பாட்டில் இருக்கிறது, நான் என் பாட்டில் இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமாக இருப்பதுதான் எனக்கு வேண்டும்.

எலி முதலாளியாகிவிட்டது! இனி உன்னிடம் கைகட்டித்தான் பேச வேண்டும் போல. கம்பெனி உறை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வந்ததும் சக்கரம் போட்டதாக அனுப்புகிறேன்.

என் ஜன்னலுக்கு ஒரு புறா வருகிறது. வெயில் எதிர்மாடியைத் தாண்டி என் ஜன்னலுக்கு வரும்போது அதுவும் வந்து உட்காருகிறது. தலையைச் சாய்த்து, நீ கேள்வி கேட்கும்போது பார்ப்பாயே, அதே பார்வை. வெயில் கட்டில் காலைத் தொட்டதும் பறந்துவிடுகிறது.

சொல்ல மறந்துவிட்டேன். என் அறைக்கு ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். நல்ல மனிதர். பல வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்கு இப்போது வேலை இல்லை. இன்டர்வியூ என்றாலே பயப்படுகிறார். 'பழைய வேலையை ஏன் விட்டீர்கள்' என்று கேட்டால் என்ன சொல்வது என்று உங்கள் டீச்சரிடம் கேட்டு எழுது. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

கடையை விடும் விஷயத்தில் அம்மா அவசரப்பட வேண்டாம். நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன் அப்பா


ஜூலை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன்.

உங்கள் அறைத்தோழரை மட்டும் எனக்கு நம்பத் தோன்றவில்லை. உங்கள் அறை எனக்குத் தெரியும். நீங்களே படம் வரைந்து அனுப்பினீர்கள்: ஒரு கட்டில், ஒரு மேசை, சட்டை மாட்ட ஓர் ஆணி. இதில் இன்னொருவர் எங்கே படுக்கிறார்? பல வருடம் வேலை பார்த்தவரை ஒரு கம்பெனி சும்மா அனுப்புமா? ஏதாவது திருடிவிட்டு வந்தவராக இருந்தால்? உங்கள் சட்டை, பேனா, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் நல்ல மனிதர்தான்.

ஆனாலும் டீச்சரிடம் கேட்டேன். வேலை போன கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டுமாம். பழைய முதலாளியைத் திட்டக் கூடாது, பொய்யும் கூடாது. உடனே தனக்கு என்ன தெரியும் என்பதற்குப் போய்விட வேண்டும். "மூணாவது வாக்கியத்துலதான் எல்லாரும் அழறாங்க" என்றார்.

போன வாரம் வகுப்பில் ஒரு காவலாளி, தானே வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். விதிப்படி மூன்று விதமாகக் கேட்டேன். மூன்றாவது தடவை, தூங்கிவிட்டதால் அனுப்பிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. நன்றாகவே பார்க்கிறார். ஆனால் கேட்காத சின்னச் சின்ன விவரங்களை அள்ளி அள்ளிச் சொல்கிறார். வேலையை விட்டதாகச் சொன்ன அன்று அவர் போட்டிருந்த செருப்பின் நிறம்கூட எனக்குத் தெரியும்.

இஸ்திரிக்காரருக்கு நான் எழுதிக்கொடுத்த பதிலை ஆங்கிலத்தில் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இப்படித் தன்னைப் பற்றியே பேச வேண்டும் என்பதற்கு மாதிரி. "மற்றவர்கள் பார்க்குமுன் சுருக்கம் என் கண்ணில் படும். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு சட்டையைத்தான் கருக்கியிருக்கிறேன், அதுவும் என் சட்டை" என்று வரும். உங்கள் அறைத்தோழர் அவர் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அம்மாவிடம் அவசரம் வேண்டாம் என்று சொன்னேன். "யாரு சொல்லச் சொன்னா?" என்று கேட்டாள். நான் முதலாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 3

என் புத்தக எலிக்கு,

எல்லோரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதம். வேலை அதிகம்.

அறைத்தோழரைப் பற்றி நீ இப்படிச் சந்தேகப்படக் கூடாது. அவர் திருடர் இல்லை. இடது பக்கம் சாய்ந்துதான் படுப்பார், டீயில் சர்க்கரை போடமாட்டார், நகத்தை ஜன்னலுக்கு வெளியேதான் வெட்டுவார், தும்மினால் மூன்று தும்மல் சேர்ந்தாற்போல் தும்முவார். இப்படிப்பட்டவரா திருடுவார்?

நீ சொன்னபடி பெட்டியைப் பூட்டித்தான் வைத்தேன். ஆனால் இன்டர்வியூவுக்கு நல்ல சட்டை இல்லை என்றார். மனசு கேட்கவில்லை. அம்மா எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைக் கொடுத்தேன்.

நடந்ததைக் கேள், நீ சிரிப்பாய். உன் மாதிரித் தாளை அவர் மாற்றாமல் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார். ஆங்கிலத்தில் நன்றாக எழுதியதைக் கை வைத்துக் கெடுப்பானேன் என்று நினைத்தாராம். உள்ளே போனால் நீளமான மேசை, எதிரில் மூன்று பேர். நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள், குடிக்கலாமா கூடாதா என்றே பாதி நேரம் போய்விட்டது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் மடமடவென்று ஒப்பித்துவிட்டார். உதிரிபாகக் கிடங்கு வேலை, பார்த்துக்கொள். நடுவில் இருந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "ஒரே ஒரு சட்டையைத்தான் கருக்கியிருக்கிறீர்களா? எங்கள் கிடங்கில் எந்த அலமாரியில் சட்டை இருக்கிறது?" என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

வரும்போது சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். ஒரு கறைகூட இல்லை.

அன்புடன் அப்பா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சட்டை வந்த இடத்தில் இருவரும் சிரித்தோம். உண்மையில் சிரிப்பு முதலில் வரவில்லை. அதற்கு முன்பே தும்மல் வந்துவிட்டது. மூன்று தும்மல் என்று நான் படித்ததும் அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். இந்த வீட்டில் நீங்கள் இரண்டு தும்மல் போட்டால், "இருங்க, மூணாவது வரட்டும்" என்று பேச்சை நிறுத்திக் காத்திருப்பவள் அவள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

உங்களைப் போலவே அறைத்தோழரும் கிடங்கு வேலைக்காரர்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. கேட்காத விவரங்களை நிறைய எழுதியிருக்கிறீர்கள். கேட்டதற்கு, அவர் எங்கே படுக்கிறார் என்பதற்குப் பதில் இல்லை. நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும்போது உங்கள் கைதான் என் கண்முன் வந்தது.

அப்பா, டீச்சரின் விதிப்படி மூன்று விதமாகக் கேட்கிறேன்.

முதலாவது: உங்கள் கிடங்கில் இப்போது எந்த அலமாரி உங்கள் பொறுப்பு?

இரண்டாவது: வெயில் எதிர்மாடியைத் தாண்டி வரும்போது முற்பகல் ஆகியிருக்கும். நீங்களோ விடிந்ததும் வேலைக்குப் போகிறவர். அந்தப் புறா உட்காருவதையும் பறப்பதையும் யார் பார்க்கிறார்கள்?

மூன்றாவது: கடிதத்தில் புறா வந்துவிட்டது, அறைத்தோழர் வந்துவிட்டார், சட்டை வந்துவிட்டது. எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க எங்கே?

முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்கள் மகள்


செப்டம்பர் 2

மகளுக்கு,

நலம். கிடங்கில் வேலை அதிகம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. புறா இப்போது வருவதில்லை. கண்டதையும் யோசிக்காமல் பாடத்தில் கவனம் வை. பெரியவர்கள் விஷயத்தில் தலையிட வேண்டாம்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா


அக்டோபர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்னை 'எலி' என்று அழைக்காமல் எழுதிய முதல் கடிதம் அது. தலையிடாதே என்றீர்கள். தலையிடாமல் நான்கு வாரம் இருந்து பார்த்தேன். இரண்டு ஞாயிறாகப் போனும் வரவில்லை. அதற்கு முன்னால் வந்தபோது அம்மா பேசி வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கிலிருந்து நீங்கள் பேசும்போது பின்னால் கம்பெனிச் சங்கு கேட்கும், லாரி கேட்கும், யாராவது உங்களைக் கூப்பிடுவார்கள். "அந்த ஊரு ரொம்ப அமைதியா ஆயிடுச்சு போல" என்றாள். என்னிடம் சொன்னாளா, போனிடம் சொன்னாளா தெரியவில்லை.

எனக்கு வரும் சந்தேகங்களை எழுதவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைக்கிறேன். யாராவது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களோ என்று நினைக்கிறேன். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா வெளியூரில் இன்னொரு வீடு வைத்திருந்தாராம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது அப்பா. இங்கே விளக்கு எரிகிறது, நாங்கள் இருவரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்த மாதக் கடைசியில் அம்மா கடையில் சொல்லிவிடப் போகிறாள். விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறார்களாம். அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்து கட்ட ஆரம்பித்துவிட்டாள். நேற்று ஒன்று, இன்று ஒன்று. கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் கேட்டாலே நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் எலி


அக்டோபர் 18

மதிப்பிற்குரிய அறைத்தோழர் மாமாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் நான் எழுதிய சட்டை வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் நீங்கள், அதனால் நாம் முழுக்க அந்நியர்களும் இல்லை. நலமாக இருக்கிறீர்களா? தும்மல் குறைந்ததா?

அப்பா பதில் போடுவதில்லை. கோபமா, பயமா என்று பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். உங்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். பயப்படாதீர்கள், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவில்லை.

போன சனிக்கிழமை டீச்சர் என்னைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுவிட்டார். "நீயும் ஒரு நாள் இதுல உட்காரணும்ல?" என்றார். முதலாளியாக இஸ்திரிக்காரர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று என்னைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியும், இலக்கணம் தெரியும். ஆனால் என் அப்பா ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார் என்று ஆரம்பித்ததும் அடுத்த வாக்கியம் வரவில்லை. அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லையே. எல்லோரும் காத்திருந்தார்கள். இஸ்திரிக்காரர் மறுபடி கேட்காமல், விதியை மீறி மேசையிலிருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். டீச்சர் அவரைத் திட்டவில்லை.

இப்போது கேள்விகள். உங்களுக்கு வீடு இருக்கிறதா? அங்கே ஒரு மகள் இருந்தால், வேலை போனதை அவளிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், எதற்குப் பயந்தீர்கள்?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், அவளுடைய அம்மா உண்மை தெரியாமல் இருக்கிற வேலையையும் விடப்போகிறாள். பெட்டிகள் கூடத்தில் சுவர் மாதிரி எழும்பிவிட்டன. என் அனுபவத்தில் மகள்கள் ஊகித்துவிடுகிறார்கள். அவர்கள் யாரும் கோபப்படுவதில்லை. ஊகித்த பிறகு, சொல்வார் சொல்வார் என்று காத்திருப்பதுதான் கஷ்டம்.

அப்பாவின் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.

உங்கள் அறைத்தோழரின் மகள்


நவம்பர் 1

அன்புள்ள மருமகளே,

நீ என்னை மாமா என்று அழைத்துவிட்டதால் எனக்கு இந்த உரிமை வந்துவிட்டது. நான் நலம். தும்மல் குறையவில்லை. உன் அப்பாவின் முட்டி பரவாயில்லை.

அவர் எழுதக் கூச்சப்படுகிறார். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என்னை யாருக்கும் தெரியாது அல்லவா?

கிடங்கில் நாங்கள் இரண்டு பேர். ஏப்ரலில் கம்பெனி கை மாறியது. கிடங்கை வேறிடத்துக்கு மாற்றுகிறோம், ஒருவர் போதும் என்றார்கள். ஆளுக்கு ஒரு தடவை கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று நினைக்காதே. தட்டுத்தடுமாறியாவது வரும். ஆனால் என்னைப் பற்றி நானே எப்படிச் சொல்வது? தன்னைத் தானே மெச்சிக்கொள்பவனை நம் வீடுகளில் ஒரு மனிதனாகவே மதிப்பதில்லை. அதனால் கூட வேலை பார்த்தவரைப் பற்றிச் சொன்னேன். அவர் இல்லாவிட்டால் கிடங்கே நடக்காது, கை சுத்தம், வாக்கு சுத்தம் என்றேன். எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலச் சொற்களை எல்லாம் அவருக்கே செலவழித்துவிட்டேன். அவர் உள்ளே போனால் என்னைப் பற்றி அப்படிச் சொல்வார் என்று நினைத்தேன். அதுதானே முறை?

அவர் உள்ளே போய், தன்னைப் பற்றியே சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. கம்பெனிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவர் மேல் தப்பு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். வீடு இருக்கிறது. மகள் இருக்கிறாள். சொல்லவில்லை. திட்டுவாள் என்று பயப்படவில்லை. திட்டாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். வீட்டுக்குப் போனால் என்னை நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்து எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். அதைவிட ஒரு வேலையைத் தேடிக்கொண்டு பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று போயிற்று.

பெட்டிகள் சுவர் மாதிரி எழும்பிவிட்டன என்று படித்ததும் உன் அப்பா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உன் அம்மாவிடம் இதை யார் சொல்வது? நானா, அவரா?

வாழ்த்துகளுடன்,
அறைத்தோழன்


நவம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் 'ழ'வின் வால் என் அப்பாவின் 'ழ' மாதிரியே சுழல்கிறது. ஓர் அறையில் இருந்தால் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும் போல.

யார் சொல்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. தபால்காரர் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தால் உறை பிரிந்திருந்தது, அம்மா கூடத்தில் நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். நான் படித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெட்டியை எல்லாம் பிரிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

"பிரியேன்" என்றாள்.

மேலே இருந்ததைத் தூக்கினேன். கை சட்டென்று உயரப் போய்விட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. அடுத்ததும் காலி. அதற்கு அடுத்ததும். காலிப் பெட்டிகளை என் அம்மா ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறாள்!

"எதுக்கும்மா?"

"நான் கேட்டா உங்க அப்பா வாயைத் திறப்பாரா? நான் பெட்டி கட்டினா நீ எழுதுவே. நீ எழுதினா அவருக்கு உறைக்கும். அதான் கட்டினேன்."

இத்தனை மாதமாக நான்தான் எல்லோரையும் துப்பறிகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மாமா. என்னைத் தபால்காரி ஆக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், கொஞ்சம். நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இஸ்திரிக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது. மனப்பாடம் செய்ததை அங்கே மறந்துபோய், மேசைக்கு எதிரில் இருந்தவரின் சட்டைக் காலரைக் காட்டி, இது யார் தேய்த்தது என்று கேட்டாராம்.

உங்களுக்குப் பயிற்சிக்கு ஒரே ஒரு கேள்வி: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி வேண்டாம், கூட வேலை பார்த்தவரைப் பற்றி வேண்டாம், புறாவையும் கூப்பிட வேண்டாம். கீழே அம்மா எழுதுகிறாள்.

உங்கள் மருமகள்

அறைத்தோழருக்கு: நலம்தானே? நீலச் சட்டையில் மேல் பட்டன் தளர்ந்திருந்தது, தைத்துப் போட்டுக்கொள்ளவும். கடையில் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. உங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். ஏப்ரலில் இருந்து உள்ளதையும் சேர்த்து, சத்தமாகவே திட்டுவேன். நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும்.


நவம்பர் 27

என் புத்தக எலிக்கும், எலியைப் பெற்றவளுக்கும்,

நலம். இத்தனை கடிதத்தில் எழுதிய நலம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்கத்தான் செய்கிறது.

பட்டன் தைத்தேன். நேற்று ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்கு இன்டர்வியூ. நான்தான் போனேன். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது, ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீரை முதலிலேயே குடித்துவிட்டேன். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

நான் கிடங்குக் காப்பாளர் என்றேன். எனக்கு அவசரப்படத் தெரியாது, அதனால் என் கையில் எதுவும் இடம் மாறாது என்றேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு பொருளையும் தொலைத்ததில்லை, ஒரு வேலையை மட்டும்தான் தொலைத்திருக்கிறேன் என்றேன். சொல்லும்போது காது சூடாகிவிட்டது. எங்கேயோ இருந்து என் அப்பா பார்த்துக்கொண்டு, 'என்னடா இவன் பீற்றிக்கொள்கிறான்' என்று முகம் சுளிப்பது போல் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஏன் வேலை போனது என்று கேட்டார்கள். இரண்டு வாக்கியம். மூன்றாவது தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

தெரிவிக்கிறோம் என்றார்கள். என்ன தெரிவிப்பார்களோ தெரியாது. எதுவானாலும் எலியின் பரீட்சை முடியும் அன்று பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். பிறகு வீட்டுக்கு வந்து எனக்குச் சேர வேண்டிய திட்டை வாங்கிக்கொள்கிறேன். காலிப் பெட்டிகளை வைத்திருங்கள், எந்த ஊருக்கு என்று உட்கார்ந்து பேசலாம்.

புறா வருவதில்லை என்று எழுதியதும் பொய்தான். ஒரு நாளும் தவறாமல் வருகிறது. இப்போதும் ஜன்னலில்தான் இருக்கிறது.

அறைத்தோழர் உங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார். இன்று காலை அறையைக் காலி செய்துவிட்டார். அவர் எங்கே படுக்கிறார் என்று ஜூலையில் கேட்டிருந்தாய், பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். இங்கே எப்போதும் ஒரே கட்டில்தான்.

அப்பா